வலத்தண்டு

"ஆட்கள் கடலில் பொம்மையைக் குளிப்பாட்டுகிறார்கள். இலங்கையாக இருக்கலாம்" என்று படத்துக்குக் கீழே அந்த வெள்ளைக்காரன் எழுதியிருந்தான்.

விஜயகுமார் மறுபடியும் படித்தான். பொம்மையாம்! அது அவர்கள் குப்பத்து அம்மன். இலங்கையும் இல்லை, மரக்காணத்துக்குக் கூப்பிடு தூரம். படத்தில் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து நிற்பது உப்பு அம்பாரம். பல்லக்கின் முகப்பில் இருக்கிற மூக்குடைந்த யாளியை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். சின்ன வயதில் அதன் மூக்கை உடைத்ததே அவன் சித்தப்பன்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

"கெடச்சிடுச்சுடா!" என்று அவன் போட்ட கத்தலில், எடைமேடையில் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் தலையை நீட்டி, "எடை கூடிடுச்சா சார்?" என்றான்.

"நீ போய்யா" என்றான் விஜயகுமார். உப்புக் கம்பெனியின் எடைமேடை ஆபீசில் அவன்தான் குமாஸ்தா. கம்பெனி கம்ப்யூட்டரில் அவன் சில மாதமாக உப்பைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டு ஏலத் தளங்களில் பழைய படச்சுருள் தேடுவது லேசான வேலை இல்லை. மரக்காணம் என்று இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இந்தியா என்று போட்டால் யானை வந்தது. திருவிழா என்று சேர்த்தால் இன்னும் பெரிய யானை வந்தது. கடைசியில் வழி சொன்னவன் அவன் சிநேகிதன் சிலம்பரசன். ஆரோவில்லில், பழைய படச்சுருள் சேர்க்கிற ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் அவனுக்கு வேலை.

"நம்ம ஊரு பேரப் போட்டா எப்படிடா வரும்? விக்கிறவனுக்கு என்னா தெரியும்னு யோசி. அவன் தாத்தா எடுத்த படம், பரண்ல கெடந்திருக்கும். அவனுக்கு மரக்காணமும் ஒண்ணுதான், மடகாஸ்கரும் ஒண்ணுதான். பொம்மை, கடல்னு போடு."

போட்டான். ஆத்தா வந்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. ஏலத்துக்கு வைத்திருந்த அந்த ஒற்றைப் படத்தில் அம்மன் இருந்தாள், யாளி இருந்தது. தண்டு தூக்கியவர்களுக்கு மட்டும் கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை. அந்தத் தலைகள்தான் விஜயகுமாருக்கு வேண்டும். அந்தத் தலைகளில்தான் அவன் பெண்டாட்டி இருந்தாள்.

விஷயம் இதுதான். மாசி மகத்தன்று அம்மன் கடலாடப் போவாள். பல்லக்குக்கு முன்னால் இரண்டு தண்டு. இடத்தண்டைத் தூக்குகிறவனுக்குத் தோள்வலி மட்டும் கிடைக்கும். வலத்தண்டைத் தூக்குகிற வகையறாவுக்கு முதல் மாலை, முதல் தேங்காய், ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சு. அது எங்களுடையது என்றது அப்பாவு வகையறா. இல்லை, எங்களுடையது என்றது மண்ணாங்கட்டி வகையறா. நடுவில் சுனாமி, புயல் என்று பல வருஷம் பல்லக்கே தூக்காமல் கிடந்ததில், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அவரவர் வசதிப்படி மறந்துபோயிருந்தது. போன மாசி மகத்தில் இரண்டு வகையறாவும் ஒரே தண்டைப் பிடித்து இழுத்தார்கள். அம்மன் சாய்ந்தாள். போலீஸ் வந்தது. கடைசியில் ஆத்தா உப்பு ஏற்றுகிற டிராக்டரில் உட்கார்ந்து கடலுக்குப் போய்வந்தாள்.

"ஆதாரம் இருந்தா கொண்டாங்க. அதுவரைக்கும் டிராக்டர்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார் தாசில்தார்.

அப்பாவு, விஜயகுமாருக்குப் பெரியப்பா. மண்ணாங்கட்டி, மாமனார். அடிதடியில் அவன் பெரியப்பா பக்கம் நின்றான் என்று சூர்யகலா அன்றைக்கே துணிமணியைக் கட்டினாள். உண்மையில் அவன் யார் பக்கமும் நிற்கவில்லை. கூட்டம் தள்ளியது, அங்கே போய் விழுந்தான். அதை யார் கேட்கிறார்கள்?

"எங்கப்பா கை என்னிக்கு வலத்தண்டுல விழுதோ, அன்னிக்குத்தான் என் காலு உன் வாசப்படில விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தூரமாகவாவது போனாளா? மாமனார் வீடு எதிர் வரிசை. தினமும் காலையில் அவள் துணி காயப்போடுவதை இவன் பல் விளக்கிக்கொண்டே பார்ப்பான். அவள் இவனைப் பார்க்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே ஒரு புடவையைக் குறுக்கே காயப்போடுவாள்.

அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் வந்து மாசி மகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனான் என்பதில் மட்டும் இரண்டு வகையறாவும் ஒன்றாகத் தலையாட்டின. தண்டு தூக்கியவர்கள் அப்பாவுவின் அப்பனும் மண்ணாங்கட்டியின் அப்பனும். யார் எந்தப் பக்கம்? அது அந்தச் சுருளில் இருந்தது.

படம் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று கேட்டதும் அப்பாவு தன் வகையறாவில் வீட்டுக்கு வீடு வரி போட்டார். "பெரியப்பா, படத்துல என்னா இருக்குதுன்னு பார்க்காம..." என்று இழுத்தான் விஜயகுமார்.

"என்னா இருக்கும்? எங்கப்பன் வலப்பக்கம் இருப்பான். உனக்குச் சந்தேகமா இருக்குதா? மாமனார் வூட்டுத் தண்ணி பேசுது!"

அன்றைக்குக் கோயிலுக்குப் போனவன் கையைக் கூப்பிக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றான். என்ன வேண்டிக்கொள்வது? ஜெயித்தால் பெண்டாட்டி இல்லை. தோற்றால் பெரியப்பா இல்லை. "எதையாவது பண்ணு ஆத்தா, டிராக்டர நெனச்சிக்கோ" என்று வேண்டிக்கொண்டு திரும்பினான்.

ஏலம் முடிகிற நாளன்று சிலம்பரசன் லீவு போட்டுவிட்டு எடைமேடை ஆபீசுக்கு வந்துவிட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிகிற ஏலம். எதிராளி ஒருவன் மட்டும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தான்.

"போடு மச்சான், நேரம் ஓடுது" என்றான் சிலம்பரசன்.

"அவசரப்படாதே. ஏலத்தப் பத்தி எனக்குச் சொல்லித்தர்றியா? கரையில மீன் ஏலம் பார்த்தே வளர்ந்தவன்டா நான். மொதத் தரத்துல வாயத் தொறக்கறவன் முட்டாளு. ரெண்டாந் தரத்துல தொறக்கறவன் அரை முட்டாளு. மூணாந் தரம்னு சொல்ல வாயெடுப்பான் பாரு, அப்ப போடணும்."

"இதுல யாரும்..."

"ச்சூ. இரு."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். திரை ஒரு நொடி இமைத்தது. ஏலம் முடிந்தது என்று எழுதி வந்தது.

"என்னாடா இது?"

"முடிஞ்சிடுச்சு மச்சான். அவன் எடுத்துட்டான்."

"ஒரு தரம்னு ஒருத்தன் கூவல, ரெண்டு தரம்னு கூவல, அதுக்குள்ள எப்படிடா முடியும்? இது செல்லாது!" விஜயகுமார் எழுந்து நின்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சத்தம் போட்டான். "நம்ம கரையில இப்படிப் பண்ணியிருந்தா கூடையக் கவுத்திருப்பாங்க!"

வெளியே லாரி டிரைவர் மறுபடியும் எட்டிப் பார்த்தான். "சார், இப்பவாவது எடை கூடிடுச்சா?"

வீடு வீடாக வரி வாங்கிய பெரியப்பாவிடம் போய், மூணாந் தரத்துக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆத்திரம் தாங்காமல் விற்கிறவனுக்கே ஒரு கடிதம் எழுதினான். சிலம்பரசன் அதை இங்கிலீஷில் போட்டான். "ஐயா, நீங்கள் பொம்மை என்று எழுதியது எங்கள் தாய். நீங்கள் இலங்கை என்று எழுதியது மரக்காணம். தெரியாவிட்டால் எழுதக் கூடாது. நீங்கள் நல்லா இருங்கள்."

கடைசி வரியை அவன் வேறு மாதிரிதான் சொன்னான். சிலம்பரசன் திருத்திவிட்டான்.

இரண்டொரு நாளில் பதில் வந்தது. சுருளை ஏலத்தில் எடுத்த ஆள் இலங்கைப் படங்களை மட்டுமே சேர்க்கிறவராம். இது இலங்கை இல்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்று விலகிவிட்டாராம். "உங்களால் ஒரு நல்ல வாடிக்கையாளர் போனார். நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கு நீங்களே எடுத்துத் தொலையுங்கள்" என்ற மாதிரி எழுதியிருந்தான்.

விஜயகுமாருக்குச் சிரிப்பு வந்தது. அது அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. அதற்குள் அப்பாவு டீக்கடையில் வாயை விட்டிருந்தார்.

"படம் வருது! ஊரே பார்க்கப்போவுது, யாரு வலத்தண்டுன்னு!"

"காட்டு, காட்டு. ஊரு முன்னாடியே காட்டு" என்று பெஞ்சிலிருந்து எழுந்தார் மண்ணாங்கட்டி. "தனியா வச்சிப் பார்த்துட்டு, நல்லால்லன்னா கிழிச்சிப் போட்டுட்டு வர்ற வேலை வேணாம்."

குப்பத்துத் தலைவரான நாட்டார் சகாதேவன் ஊர்க்கூட்டம் போட்டார். இரண்டு பெரியவர்கள் உள்ளங்கையிலும் உப்பை வைத்தார். அந்தக் கரையில் எந்தச் சத்தியத்தை மீறினாலும் மீறுவார்கள், உப்பை ஏந்திச் செய்ததை மீறினவன் கிடையாது.

"படம் என்னா காட்டுதோ அதுதான் தீர்ப்பு. அப்பாவு?"

"அதான் தீர்ப்பு."

"மண்ணாங்கட்டி?"

"அதேதான்."

விஜயகுமாரின் யோசனையே, முதலில் தான் மட்டும் பார்த்துவிட்டு அப்புறம் அழலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்வதுதான். இப்போது அதற்கும் வழியில்லை.

பார்சல் எடைமேடை ஆபீசுக்கு வந்தது. அப்பாவு மோப்பம் பிடித்து அங்கேயே வந்துவிட்டார். தகர டப்பா துருவேறி இறுகிக் கிடந்தது. "ஆபீசுக்குள்ள வேணாம் பெரியப்பா" என்று விஜயகுமார் அதை வெளியே உப்புப் பாத்தி வரப்புக்குக் கொண்டுபோய்க் கடப்பாரை நுனியால் நெம்பினான். மூடி ஒரு பக்கம் பறந்தது. சுருள் இன்னொரு பக்கம் குதித்து, வரப்பிலே உருண்டு, உருள உருள அவிழ்ந்து, உப்பு அம்பாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. காற்று வேறு. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பாம்பு என்று அலறி, அப்புறம் சினிமா என்று சிரித்தார்கள்.

"அய்யோ, என் வாழ்க்கையே போவுதே!" என்று பின்னால் ஓடினான் விஜயகுமார்.

"தள்ளுடா. நூலு சிக்கு எடுக்கத் தெரியாதவனா நானு?" அப்பாவு வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வருஷமாக வலை பின்னின விரல். கைக்கு வந்த முனையைப் பிடித்துச் சிக்கெடுத்து, நூல்கட்டையில் சுற்றுவதுபோல மளமளவென்று சுற்றிவிட்டார். கீறல் இல்லை, கசங்கல் இல்லை. "இந்தா. வந்ததவிட நல்லா சுத்தியிருக்கேன்."

படம் ஓட்ட ராஜ்கமல் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்ட ஊர் ஊராகப் போன பழைய கவர்மென்ட் மெஷின் ஒன்றைக் காயலான் கடையிலிருந்து எடுத்துச் சரிசெய்து வைத்திருந்தான்.

"அந்த மெஷினா?" என்றார் மண்ணாங்கட்டி. "அது காட்டினது எதையும் இந்த ஊரு கேட்டதில்லயே!"

வலைப்பின்னல் கூடத்தின் கதவு ஜன்னல்களைப் பட்டப்பகலில் அடைத்து, சுவரில் வேட்டியைக் கட்டினார்கள். ஒரு பக்கம் அப்பாவு வகையறா, ஒரு பக்கம் மண்ணாங்கட்டி வகையறா. சூர்யகலா அவள் அம்மா பாஞ்சாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விஜயகுமார் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மெஷின் பக்கத்தில் நின்றான்.

மெஷின் தடதடத்தது. வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள்.

விருந்துப் பந்தி. ஆணும் பெண்ணுமாக வரிசையாக உட்கார்ந்து, வாயிலிருந்து சோற்றை எடுத்து இலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"பெரியப்பா கடைசி முனைலேர்ந்து சுத்திட்டாரு" என்று முனகினான் ராஜ்கமல்.

"ஐய! அது எங்கம்மாடி!" பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். "பந்தில ரெண்டாவதா! தோடப் பாரு! ஒரு போட்டோ கூட இல்லாம போய்ச் சேர்ந்துச்சே... ஏம்பா, எங்கம்மாவ நேரா காட்டு!"

"உக்காரு அத்தை, சரி பண்றேன்." ராஜ்கமல் மெஷினை நிறுத்திச் சுருளைக் கழற்றினான்.

"பத்திரம்டா" என்றான் விஜயகுமார்.

"ஒண்ணும் ஆவாது. ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை இருக்குது பாரு, எப்படி மாட்டினாலும் ஓடும்." ஒரு முறுக்கு விட்டுப் பக்கம் மாற்றி, வேறு கட்டையில் முதலிலிருந்து வரும்படி சுற்றி மாட்டினான்.

இந்தத் தடவை எல்லாரும் தரையில் நின்றார்கள். முன்னால் பார்த்து நடந்தார்கள். அம்மன் பல்லக்கு ஆடி ஆடிக் கடலைப் பார்த்துப் போனது. கேமராக்காரன் பின்னாலேயே போனான். பல்லக்கின் முன்னால் தண்டு தூக்கிய இரண்டு பேரும், யாரோ கூப்பிட்டதுபோல, ஒரே நேரத்தில் திரும்பிச் சிரித்தார்கள்.

இடப்பக்கம் ஒல்லியாக, மீசையில்லாமல் ஒருவர். அப்பாவுவை உரித்துவைத்த முகம்.

வலப்பக்கம் காதுவரைக்கும் மீசை. மண்ணாங்கட்டியின் அப்பன்.

அப்புறம் படத்தை யார் பார்த்தார்கள்? மண்ணாங்கட்டி வகையறா விசிலடித்துக்கொண்டு எழுந்தது. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். வேட்டி அவிழ்ந்து விழுந்தது. ராஜ்கமல் மெஷினைக் காப்பாற்ற அதன்மேல் குப்புற விழுந்தான். "எங்கம்மா வர்றதுக்குள்ள நிறுத்திட்டீங்களே!" என்ற பாஞ்சாலையின் குரல் அந்தக் கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை.

அப்பாவு எழுந்திருக்கவில்லை. கூச்சல் அடங்கினதும் விஜயகுமாரைப் பார்த்தார்.

"வீடு வீடா வரி வாங்கி, கடல் தாண்டிப்போயி, எங்கப்பன இடப்பக்கம் நிக்க வச்சிட்டு வந்திருக்கியேடா."

"பெரியப்பா, நான் என்னா..."

"பேசாத. நான் செத்தா நீ கொள்ளிக்கு வராத." உப்பை ஏந்திய உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் சூர்யகலா பையோடு வாசலில் வந்து நின்றாள். ஒரு வருஷம் இவன் நினைத்து நினைத்துப் பார்த்த காட்சி. இவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"என்னா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் வந்தது புடிக்கலயா?"

"புடிச்சிருக்குது."

"அப்ப சிரி."

சிரித்தான். அது சுருள் தலைகீழாக ஓடியபோது தெரிந்த முகங்களைப் போல இருந்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய் உலை வைத்துவிட்டாள்.

மாசி மகம் வந்தது. டிராக்டர் ஷெட்டில் நின்றது. மண்ணாங்கட்டி மீசையை முறுக்கிக்கொண்டு வலத்தண்டில் தோள் கொடுத்தார். முதல் மாலை, முதல் தேங்காய் எல்லாம் அவருக்கு. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அப்பாவு இடத்தண்டைத் தூக்கினார். கடல்வரைக்கும் நிமிரவே இல்லை. தாசில்தார்கூட வந்து, "அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் அதே கூடத்தில் ஊர் விருந்து. இரண்டு வகையறாவும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது நாட்டார் கட்டளை. அப்பாவு, விஜயகுமாருக்கு எதிர் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. பக்கத்தில் மண்ணாங்கட்டி கழுத்து மாலையைக் கழற்றாமலே பாயசம் குடித்தார்.

"சம்பந்தி, சாப்புடு. இடத்தண்டுலயும் புண்ணியம் உண்டு" என்றார்.

அப்பாவு மறுபடியும் சோற்றைப் பிசைந்தார். சூர்யகலா விஜயகுமார் இலையில் இரண்டாவது வடையை வைத்து, யாருக்கும் தெரியாமல் மூன்றாவதையும் வைத்தாள். போகட்டும், என்று நினைத்தான் அவன். பெரியப்பா போனாலும் பெண்டாட்டி வந்தாள். ஆத்தா டிராக்டரை விட்டு இறங்கினாள். முடிந்தது என்றால் சரி. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்கு உப்பு, காரம் தெரிந்தது.

பாஞ்சாலை மட்டும் சாப்பிட உட்காரவில்லை. விடிந்ததிலிருந்து ராஜ்கமலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் காட்டினியே, எங்கம்மாவ ஒரு தடவை நேரா காட்டக் கூடாதா? அன்னிக்குத் தலைகீழா பார்த்தது நெஞ்சுலயே நிக்குதுப்பா."

"காட்டுடா, பாவம்" என்றார் நாட்டார். வடை தின்றுகொண்டே ராஜ்கமல் மெஷினைப் போட்டான். பல்லக்கு போனது, மீசை சிரித்தது, மண்ணாங்கட்டி வகையறா இன்னொரு தடவை விசிலடித்தது. அம்மன் கடலாடினாள். பிறகு பந்தி வந்தது. இந்தத் தடவை எல்லாரும் நேராக உட்கார்ந்து, சோற்றை இலையிலிருந்து எடுத்து வாயில் வைத்தார்கள்.

பாஞ்சாலை வேட்டிக்குப் பக்கத்தில் போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சாப்பிடுகிற பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் வேட்டியைப் பார்த்தாள். பிறகு விஜயகுமார் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஆனா எங்கம்மாலேர்ந்து பந்தில இருக்கிற அத்தினி பேரும் ஏன் பீச்சாங்கையால சோறு திங்கிறாங்க?"